கால் சுற்று

ஆர்.டி. முந்நூற்றைம்பதுக்கு இரண்டு கார்புரேட்டர்.
ஒன்று அடைத்தால் வண்டி நொண்டும்.
இரண்டும் அடைத்தால் வண்டியே இல்லை,
நூற்றைம்பது கிலோ இரும்பு.

ஆஸ்பத்திரி நடக்கிற தூரம் என்பதால்
எட்டு மாதமாக எடுக்கவேயில்லை.
உள்ளே கிடந்த பெட்ரோல் பிசினாகிவிட்டது.
கத்திரி ஆறாம் நாள், ஞாயிறு.
தோட்டப்பாளையத்தில் எங்கள் சந்துக்கு நிழல்
பக்கத்து லாட்ஜின் உபயம்:
நாலு மாடி,
தமிழைவிடப் பெரிய எழுத்தில் வங்காளப் பெயர்ப்பலகை,
கொடியில் யார் யாருடையதோ புடவைகள்.

வலது கார்புரேட்டரைக் கழற்றி
எவர்சில்வர் தட்டில் வைத்தேன்.
கிண்ணத்து ஸ்க்ரூ நாலில் மூன்று வந்தது.
நாலாவது தலை தேய்ந்து வழுக்கியது.
ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
அது எந்த ஊர்க்காரனுக்கும் புரியும்போல,
காலி பிளாஸ்க்கோடு போய்க்கொண்டிருந்தவன் நின்றான்,
குந்தி உட்கார்ந்தான், திருப்புளியை வாங்கினான்,
அதன் பிட்டத்தில் கல்லால் ஒரே தட்டு.
திரும்பியது.
"மால்டா" என்றான், நெஞ்சைத் தொட்டு.
"கேரேஜ். நிரஞ்சன்."

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த சொற்கள்
ஜெட், ஃப்ளோட், நீடில், சோக்.
இரண்டு மணி நேரம் அவற்றை வைத்தே பேசினோம்.

நான் ரத்தம் எடுக்கிறவன்.
நாளைக்கு நூறு கை பார்க்கிறேன்,
கைக்குழந்தையின் நரம்பையும் முதல் குத்தில் பிடிப்பேன்.
பைலட் ஜெட் துவாரம் என்ன பிரமாதம் என்று
இருபத்தாறாம் நம்பர் ஊசியை எடுத்தேன்.
அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.
எஃகு பித்தளையைத் தின்றுவிடும் என்பதைக்
காற்றைக் கடித்துக் காட்டினான்.
பழைய சார்ஜர் வயரைப் பல்லால் உரித்து
ஒரே ஒரு செம்பு இழை.
நுழைத்தான், உருவினான், ஊதினான்,
ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்த்து என்னிடம் நீட்டினான்.
துவாரத்துக்கு அந்தப் பக்கம்
கடுகளவு மலை, அதன்மேல் கடுகளவு வெயில்.

நான் ஜெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது
அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.
புறங்கையில் இரண்டு விரல் வைத்துக் காட்டினான்,
பிறகு மூன்றாம் மாடிக் கொடியில் ஒரு பச்சைப் புடவையை.
ஆமாம்.
நேற்று காலை, முழங்கையில் நரம்பு கிடைக்காமல்
சங்கு வளையலை மேலே தள்ளிவிட்டுப்
புறங்கையில் எடுத்தேன். மூன்று ட்யூப்.
எடுப்பதோடு என் வேலை முடிந்தது.
அது என்ன சொல்லிற்று என்பது என் மேஜைக்கு வராது.

மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டோம்,
இடது அவன் கழுவியது, வலது நான்.
ஏர் ஸ்க்ரூவை மூடி ஒன்றரைச் சுற்று திறப்பது கணக்கு.
ஏழாம் உதையில் பிடித்தது.
நீலப்புகை மூன்றாம் மாடிவரை ஏற
யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.
இடது குழாய்க்கு நேரே அவன் உள்ளங்கை,
வலதுக்கு நேரே என்னுடையது.
இடது துடிப்பில் ஒரு சோம்பல்.

"கால்?" என்றான்.
இடது ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினேன்.
துடிப்பு இரண்டும் ஒன்றானது.
மறுபடியும் "கால்?" என்றான்.
இன்னொரு காலா? அதிகம்.
தலையை ஆட்டி மறுத்தேன்,
சிரித்தேன்கூட.
அவன் கையை எடுத்துக்கொண்டான்.
பிளாஸ்க்கை மறந்து பாதிப் படியேறித்
திரும்பி வந்து எடுத்துப்போனான்.

செவ்வாயன்று லாட்ஜ் முனவ்வரிடம்
மால்டாக்காரர் எங்கே என்றேன்.
நேத்தே காலி பண்ணிட்டாங்கண்ணே.
பேச்சுவாக்கில் கேட்டேன், கால்னா என்னடா?
நாளைக்கு. நேத்துக்கும் அதேதான்.
ரிப்போர்ட் நாளைக்கு வந்துடுமான்னுதானே
எல்லாரும் கேப்பாங்க.

வண்டி நன்றாக ஓடுகிறது.
பாலாற்றுப் பாலத்தில் எண்பது,
கீழே வழக்கம்போல் மணல்.
போன வாரம் ராணிப்பேட்டையில் ஒரு மெக்கானிக்
ட்யூனிங் பண்ணிடவா சார் என்றான்.
வலதை மட்டும் பண்ணு என்றேன்.
ஒண்ணை மட்டும் எப்படி சார் பண்றது என்றான்.